ஞாயிறு முடிந்த பிறகு: வீடு சந்திப்பு என்னும் வேலை

சோர்ந்துபோன போதகருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனைகள் மூன்று. இன்னும் அதிகமாக ஜெபியுங்கள். ஏதாவது ஒரு கன்வென்ஷனுக்குப் போய்வாருங்கள். இரண்டு நாள் ஓய்வெடுங்கள். மூன்றும் நல்லவைதான். ஆனாலும் சில வாரங்களில் அதே சோர்வு திரும்பி வந்துவிடுகிறது. ஏனென்றால் இந்த ஆலோசனைகள் போதகரின் உள்ளத்தைத் தொடுகின்றன, அவருடைய வாரத்தைத் தொடுவதில்லை. திங்கள் முதல் சனி வரை அவர் என்ன செய்கிறார், யாரைப் பார்க்கிறார் என்பது அப்படியே இருக்கிறது. தமிழ்ச் சபைகளில் போதகர் சோர்வதற்கு ஒரு பெரிய காரணம், ஊழியத்தின் பலனை அவர் பிரசங்க பீடத்தில் நின்று மட்டுமே அளந்து பார்ப்பது. ஒழிந்த நேரத்தில் செய்யும் வேலையாக வீடு சந்திப்பை வைத்திருக்கும்வரை இந்த அளவு மாறாது. அதை வாரத்தின் முதல் வேலையாக மாற்றினால் மாறும். இந்த அதிகாரத்தில் சொல்ல வருவது இவ்வளவே. மற்றதெல்லாம் அதற்கான ஆதாரமும் அதற்கு எழும் ஆட்சேபணைகளும்.

பீடத்திலிருந்து பார்த்தால் எவை தெரியும்? தலைகள் தெரியும். காலியான பெஞ்சு தெரியும். போன மாதம்வரை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த குடும்பம் புதிதாக முளைத்த வேறொரு சபைக்குப் போய்விட்டது தெரியும். கடைசி வரிசை வாலிபர்கள் கைபேசியில் வேதாகமம் வாசிக்கிறார்களா வேறெதையோ பார்க்கிறார்களா என்ற சந்தேகமும் எழும். ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணிக்கை ஒரு சீட்டில் வந்து சேரும். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் கேட்ட ஒரு பிரசங்கத்தால் அண்ணனோடு இருந்த வரப்புத் தகராறை ஒருவர் விட்டுக்கொடுத்திருந்தால் அது பீடத்திலிருந்து தெரியாது. கணவனை இழந்த பெண் ஒருத்தி ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு தினமும் எழுந்து வேலைக்குப் போகிறாள் என்பதும் தெரியாது. இவை வீட்டில்தான் தெரியும். பலன் இல்லாமல் சோர்ந்த போதகர்கள் உண்டு; பலன் இருந்தும் அதைக் காணும் இடத்துக்குப் போகாமல் சோர்ந்தவர்கள் அதைவிட அதிகம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

எலியாவின் கதையை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் நடந்தது அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய பொதுக்கூட்டம். ஜனங்கள் முகங்குப்புற விழுந்தார்கள். அடுத்த அதிகாரத்திலேயே அவர் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். கூட்டத்தின் வெற்றி யேசபேலின் ஒரு மிரட்டலைத் தாண்டவில்லை. தேவன் அவருக்கு முதலில் கொடுத்தது தூக்கமும், தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும். அதுவும் இரண்டு தடவை. பிறகு ஓரேபில் அவருடைய கணக்கு திருத்தப்படுகிறது. நான் ஒருவன் மாத்திரம் மீந்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இருந்தார்கள். அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை; பெரும்பாலும் தங்கள் தங்கள் வீடுகளில் இருந்திருப்பார்கள். தீர்க்கதரிசி அவர்களை அறியாதிருந்தார். கடைசியாக அவருக்கு எலிசா என்ற துணையாள் கிடைக்கிறார். சோர்ந்த ஊழியருக்கு வேதம் காட்டும் இந்த வரிசையில் இன்னொரு பெரிய கூட்டம் இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

புதிய ஏற்பாட்டிலும் இதற்கு இணையான இடம் உண்டு. மிலேத்துவில் எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது பவுல் தன் மூன்று ஆண்டு ஊழியத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கிறார். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற பேச்சே இல்லை. வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் போதித்ததையும், கண்ணீரோடு அவனவனுக்குப் புத்திசொன்னதையும் அவர் சாட்சியாக வைக்கிறார். திறந்த வெளியில் பேசவும் தத்துவவாதிகளோடு வாதாடவும் தெரிந்தவர் அவர். அப்படிப்பட்டவரே வீட்டு வேலையைப் பொது வேலைக்கு அடுத்த படியில் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்தார்.

சபை வரலாறும் இதையே சொல்கிறது. கி.பி. 590 வாக்கில் ரோமின் ஆயராகப் பொறுப்பேற்ற கிரகோரி, ஆயர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். அதன் நீண்ட பகுதி ஒரே கருத்தின் விரிவு: எல்லோருக்கும் ஒரே புத்திமதி பயன்படாது. ஏழைக்கும் பணக்காரருக்கும், மகிழ்ச்சியில் இருப்பவருக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும், அவசரக்காரருக்கும் மந்தமானவருக்கும் என்று முப்பதுக்கும் மேற்பட்ட ஜோடிகளை எடுத்து, ஒவ்வொருவரிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் விளக்குகிறார். ஒருவரைத் தேற்றும் சொல் மற்றொருவரைக் கெடுக்கும் என்பது அவர் கவலை. இந்த வேறுபாடு ஆலயத்தில் வெள்ளைச் சட்டையோடும் பட்டுப்புடவையோடும் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் புலப்படாது. யார் துக்கத்தில் இருக்கிறார், யார் துக்கத்தை மறைக்கிறார் என்பதை அறிய வீட்டுத் திண்ணைவரை போக வேண்டும்.

இதை ஒரு முறையாகவே நடத்திக் காட்டியவர் ரிச்சர்டு பாக்ஸ்டர். இங்கிலாந்தில் கிட்டர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரின் போதகர். 1656இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் போதகர்களிடையே வாசிக்கப்படுகிறது. அவருடைய பங்கில் 800க்கும் மேற்பட்ட குடும்பங்கள். திங்களும் செவ்வாயும் காலை முதல் மாலைவரை அவரும் உதவிப் போதகரும் குடும்பம் குடும்பமாகப் பேசினார்கள். வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள். ஒரு வருடத்தில் ஒரு சுற்று. ஊருக்குள் இருந்தவர்கள் அவரிடம் வந்தார்கள், தூரத்துக் கிராமங்களுக்கு உதவியாளர் போனார். ஆகவே இதன் சாரம் போதகர் செருப்புத் தேய நடப்பதில் இல்லை, குடும்பத்தோடு தனியாக உட்கார்ந்து பேசுவதில் இருக்கிறது. பல ஆண்டுகள் பிரசங்கம் கேட்டும் எதையும் பற்றிக்கொள்ளாத சிலர், அரைமணி நேர நேரடிப் பேச்சில் தெளிவடைந்ததைத் தாம் கண்டதாக அவர் எழுதுகிறார். பாக்ஸ்டர் திடகாத்திரமானவரும் அல்ல. அந்த நூலுக்கு அடிப்படையான உரையை 1655 டிசம்பரில் போதகர்களின் கூட்டத்தில் நேரில் பேச முடியாமல் நோய் தடுத்ததால்தான் அது விரிந்து புத்தகமானது. வாழ்நாள் முழுவதும் நோயோடு இருந்தவர் அந்த வேலையைத் தாங்க முடிந்ததற்கு, பலனை வாரந்தோறும் கண்ணால் கண்டதும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

நம் மண்ணில் இந்த வேலை உபதேசியார்களின் தோளில் வளர்ந்தது. 1706இல் மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு உருவான மிஷனில், வீட்டுக்கு வீடு போனவர்கள் பெரும்பாலும் தமிழ் உபதேசியார்களே. 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ்ப் போதகர் ஆரோன் அதற்குமுன் உபதேசியாராக நடந்து பழகியவர். பெண்களிடம் வேதாகம ஸ்திரீகள் போனார்கள். காலப்போக்கில் ஒரு பிரிவினை ஏற்பட்டது: பீடமும் திருவிருந்தும் ஐயர் என்று அழைக்கப்பட்ட போதகருக்கு, வீடுகள் உபதேசியாருக்கு. உபதேசியாரின் வேலை சங்க காணிக்கை வசூலாகச் சுருங்கிய இடங்களில் வீடுகளுக்கு யாருமே இல்லாமல் போனது. வியாதி, சாவு, கல்யாணம், பிரதிஷ்டை ஜெபம் ஆகிய நான்குக்கு மட்டும் போதகர் வருவார் என்று சபையும் பழகிக்கொண்டது. இந்த நான்கும் அழைப்பின் பேரில் போவது. அழைக்காத வீட்டில்தான் பெரும்பாலும் தேவை இருக்கிறது.

கணக்குக்கு வருவோம். 200 குடும்பங்கள் உள்ள சபையில் வாரத்துக்கு நான்கு வீடு என்றால் 50 வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். 300 என்றால் வாரத்துக்கு ஆறு. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஊழியமும் செய்யும் பாஸ்டருக்கு வாரத்துக்கு இரண்டு வீடு போதும். பெரும்பாலான புதிய சபைகளில் அதுவே ஒரு வருடத்துக்குள் எல்லோரையும் தொட்டுவிடும். கிழமையை நிச்சயித்து அறிவிப்பில் சொல்லிவிடுவது நல்லது. ஆராதனை முடிவில் இந்த வாரம் இன்னின்ன வீடுகள் என்று வாசித்தால், போதகர் தனக்குப் பிடித்தவர் வீட்டுக்குத்தான் போகிறார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. அதோடு, அறிவித்துவிட்டதால் போதகராலும் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு சந்திப்புக்கு அரைமணி முதல் நாற்பது நிமிடம் போதும். அதில் முதல் இருபது நிமிடம் கேட்பதற்கு. பாட்டியிடம் தூக்கம் எப்படி என்று கேளுங்கள். பிள்ளையிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையாவது கேளுங்கள். வீட்டுக்காரர் சபையைப் பற்றிக் குறை சொன்னால் உடனே பதில் சொல்ல வேண்டாம்; குறையின் பின்னால் ஒரு பழைய காயம் இருந்தால் அது இரண்டாவது கேள்வியில் வெளியே வரும். வேதவாசிப்பு சிறிதாக இருக்கட்டும், அவர்கள் பேசிய விஷயத்தை ஒட்டியதாக இருக்கட்டும். ஜெபத்தில் அவர்கள் சொன்னவற்றைப் பேர் சொல்லி வைக்கும்போது, தாங்கள் கேட்கப்பட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜெபத்தின் சாக்கில் புத்திமதி சொல்வது நம் நாட்டுப் பழைய நோய். எதிரே கண்மூடி நிற்பவர் பதில் பேச முடியாது என்பதால் அது நியாயமும் அல்ல. அடுத்த வீட்டுச் செய்தியை இந்த வீட்டில் வாய்தவறியும் சொல்லக் கூடாது. ஒருமுறை தவறினால் ஊரே வாயை மூடிக்கொள்ளும்.

இனி ஆட்சேபணைகள். வீட்டுக்குப் போனால் காணிக்கைக்கு வந்திருக்கிறார் என்று நினைக்கிறார்கள் என்பது அடிக்கடி கேட்கும் ஒன்று. உண்மைதான், அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. இதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை, நடந்து காட்ட வேண்டும். ரசீதுப் புத்தகம் கையில் இருக்கக் கூடாது. ஜெபம் முடிந்து கவரை நீட்டினால், ஆலயத்தில் போட்டுவிடுங்கள் என்று மென்மையாகச் சொல்லலாம். வருமானத்துக்கு இந்தக் கவர்களையே நம்பியிருக்கும் பாஸ்டருக்கு இது கடினமான ஆலோசனை என்பது தெரிந்தே எழுதுகிறேன். ஆனால் கவர் வாங்கும் வீடும் வாங்காத வீடும் என்று சபை இரண்டாகிவிட்டால் இழப்பு அதைவிடப் பெரியது. சுற்றை வசதியான தெருவிலிருந்து தொடங்காமல், ஆலயத்துக்கு வெகுதூரத்தில் இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். சாதியின் பெயரால் பிரிந்திருக்கும் ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். போதகர் எந்தத் தெருவில் உட்கார்ந்து காபி குடிக்கிறார், எந்தத் தெருவில் இப்போதுதான் குடித்தேன் என்று நின்றபடியே ஜெபித்துவிட்டுப் போகிறார் என்பதை ஊர் எண்ணிக்கொண்டிருக்கும். திருவிருந்தில் ஒரே அப்பம் என்று அவர் பிரசங்கிப்பதை அந்தக் காபி டம்ளரை வைத்துத்தான் நம்புவார்கள்.

சபை மிகப் பெரியது, ஒருவரால் ஆகாது என்பது அடுத்தது. ஆகாதுதான். மோசேயாலும் ஆகவில்லை என்று அவருடைய மாமனார் எத்திரோ கண்டு சொன்னார். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்கள் நியமிக்கப்பட்டார்கள். கிளாஸ்கோ நகரின் செயிண்ட் ஜான்ஸ் பங்கில் 1819இல் பொறுப்பேற்ற தாமஸ் சால்மர்ஸ், சுமார் 10,000 மக்கள் வாழ்ந்த அந்தத் தொழிலாளர் பகுதியை 25 பிரிவுகளாக்கி, மூப்பர்களையும் டீக்கன்களையும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக்கினார். சியோல் நகரில் போதகர் யாங்கி சோ 1964இல் வேலைப்பளுவால் ஆராதனையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக் குழுக்களை ஏற்படுத்தினார். ஆண்கள் தயங்கியபோது பெண்கள் அவற்றை ஏற்று நடத்தினார்கள். பிற்காலத்தில் அவர் பண விஷயத்தில் நீதிமன்றத் தண்டனை பெற்றதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சபையின் பெருக்கத்தைத் தாங்கியது மேடை அல்ல, அந்தப் பெண்கள் ஏறி இறங்கிய படிக்கட்டுகள் என்பது மாறாது. நம் சேகர கமிட்டிகளில் கணக்கு, கட்டடம், தேர்தல் ஆகியவற்றுக்குச் செலவாகும் மாலைகளில் ஒன்றை வீடு சந்திப்புக்கு ஒதுக்கினாலே போதும். பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் ஏற்கனவே இந்த வேலையைப் பேரில்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து அதிகாரம் கொடுங்கள். ஆனால் முழுவதையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுப் போதகர் மேலாளராகிவிட்டால் இந்த வேலையின் நோக்கமே தவறிவிடும். அவருக்கென்று வாரத்துக்கு இரண்டு வீடாவது இருக்க வேண்டும்.

நகரத்து அடுக்குமாடிகளில் கணவனும் மனைவியும் இரவு ஏழு மணிக்கு மேல்தான் வீடு திரும்புகிறார்கள், சிலருக்கு இரவு ஷிப்ட் என்பார்கள். அங்கே வாட்ஸ்அப்பில் நேரம் கேட்டுவிட்டுப் போவதே மரியாதை. முடியாதவர்களை பாக்ஸ்டர் செய்ததுபோல் குருமனைக்குக் குடும்பமாக வரச்சொல்லலாம். கடை வைத்திருப்பவரைக் கூட்டமில்லாத மதிய நேரத்தில் கடையிலேயே பார்க்கலாம்.

பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகள் பற்றிய தயக்கம் நியாயமானது. ஆனால் அந்தத் தயக்கம், வீட்டுக்குப் போகாமலே இருந்துவிடுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது, முறையோடு போவதற்குக் காரணமாக வேண்டும். மனைவியோ மூத்த சகோதரி ஒருவரோ உடன் வரட்டும், கதவு திறந்திருக்கட்டும், இருட்டுமுன் கிளம்பிவிடுங்கள். இயேசு சீஷர்களை இருவர் இருவராக அனுப்பியதில் பாதுகாப்பும் அடக்கம். பிள்ளைகளோடு மூடிய அறையில் தனியாகப் பேசும் வழக்கம் யாருக்கும் வேண்டாம், போதகருக்கு அறவே வேண்டாம்.

பிரசங்கத் தயாரிப்புக்கு நேரம் போய்விடும் என்று படிப்பாளியான போதகர் கவலைப்படுவார். இரண்டு மாலை குறையும் என்பது மெய். ஆனால் வாரத்தில் நான்கு வீடு கேட்டுவிட்டு உட்காருகிறவருக்கு, இந்த வசனத்தை யாருக்குச் சொல்வது என்ற கேள்வி ஏற்கனவே தீர்ந்திருக்கிறது. தயாரிப்பில் அதிக நேரத்தைத் தின்பது அந்தக் கேள்விதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: வீட்டில் கேட்டதை உவமையாகக்கூடப் பீடத்தில் ஏற்றக் கூடாது. பேரை மாற்றினாலும் சின்ன ஊரில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபணை இதுதான்: சோர்வுக்கு மருந்து என்கிறீர்கள், ஆனால் வீடு வீடாகக் கடனையும் குடியையும் புற்றுநோயையும் கேட்டால் போதகர் மேலும் நொறுங்கிப்போக மாட்டாரா? சிலர் நொறுங்கத்தான் செய்வார்கள், அளவும் துணையும் இல்லாவிட்டால். ஒரு நாளில் மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம். துக்க வீடு ஒன்று இருந்தால் அன்றைக்கு அது ஒன்றே போதும். கேட்டதை இறக்கிவைக்கப் பக்கத்துச் சேகரத்துப் போதகர் ஒருவரோடு மாதம் ஒருமுறையாவது உட்காருங்கள், பேர்களைச் சொல்லாமல். பாக்ஸ்டரும் தனியாகச் செய்யவில்லை. அந்த வட்டாரப் போதகர்கள் சங்கமாகக் கூடிப் பேசினார்கள். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு போதகருக்கு வேண்டும், ஞாயிறு அவருக்கு வேலைநாள் என்பதால் அது வேறொரு நாளாகத்தான் இருக்கும். எல்லாப் பாரமும் அவர் சுமக்க வேண்டியதும் அல்ல. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஜெபித்துவிட்டு வந்துவிடாமல், மருத்துவரிடம் அழைத்துப்போக ஒருவரை அன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அடிபடும் பெண்ணுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். போதகர் என்ற முறையில் இரகசியம் காக்கிறேன் என்று சொல்ல இடமில்லை, குடும்ப மானம் என்று யார் கெஞ்சினாலும்.

கடைசியாக மாற்றல். பெரிய திருமண்டலங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதகர் மாற்றப்படுகிறார்; அறிந்துகொண்ட குடும்பங்களை விட்டுப் போக வேண்டியிருக்கும்போது இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பதில், குருமனையின் மேசையில் இருக்க வேண்டிய ஒரு நோட்டு. குடும்பத்துக்கு ஒரு பக்கம். பேர்கள், ஞானஸ்நான நாள், திருமண நாள், சாவு நடந்த நாள், படுக்கையில் இருப்பவர், வெளியூரில் படிக்கும் பிள்ளை, கடைசியாகச் சந்தித்த தேதி, அடுத்தமுறை மறக்காமல் கேட்க வேண்டிய ஒரு விஷயம். பாவ அறிக்கை, தம்பதிகளின் சண்டை, கடன் தொகை ஆகியவற்றை இதில் எழுதவே கூடாது. நோட்டு யார் கையில் வேண்டுமானாலும் சிக்கலாம். மாற்றல் உத்தரவு வந்ததும் பொருள் பட்டியலோடும் சாவியோடும் இந்த நோட்டையும் புதிய போதகரிடம் ஒப்படைத்து, முடிந்தால் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு மட்டுமாவது அவரை ஒருமுறை நேரில் அழைத்துச் சென்றுவிட்டுக் கிளம்புங்கள்.